வண்டி இழுக்கவில்லையா? வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஸ்கூட்டர் முன்புபோல இழுக்கவில்லை, என்ன மாற்றலாம், எதைப் போட்டால் பிக்கப் கூடும் என்று. இருபத்தைந்து வருடமாகச் சின்ன வண்டிகளோடுதான் என் பிழைப்பு, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 110 சிசி வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது ஏழெட்டு குதிரைசக்தி, அதில் ஒன்றிரண்டு எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்காமல் புதிதாக எதைப் போட்டாலும் அதுவும் சேர்ந்து ஒழுகும். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

2016-இல் வாங்கிய 110 சிசி கியர் இல்லாத ஸ்கூட்டர், 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. லிட்டருக்கு 48 கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 35. ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி நகர யோசிக்கிறது. புகை இல்லை, ஆயிலும் குறையவில்லை. மெக்கானிக் "போர் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும், ஒன்பதாயிரம் ஆகும்" என்கிறார். இறக்கலாமா?
– பள்ளி ஆசிரியை, விழுப்புரம்

இறக்க வேண்டாம் அம்மா, இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவர், தேய்ந்த இன்ஜின் நீலப் புகை விடும், ஆயிலைக் குடிக்கும், கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் தொப்பென்று இறங்கும். இது எதுவும் உங்களுக்கு இல்லை. சத்தம் ஏறுகிறது என்றால் இன்ஜின் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம், அது கொடுக்கும் பலம் சக்கரத்துக்குப் போகும் வழியில் தொலைகிறது.

வண்டியின் இடது பக்கம், கிக்கர் இருக்கும் அந்த நீளமான மூடிக்குள்தான் அந்த வழி இருக்கிறது. முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவே ஒரு ரப்பர் பெல்ட். முன் புல்லிக்குள் ஆறு ரோலர்கள். இன்ஜின் வேகம் கூடக் கூட அந்த ரோலர்கள் வெளிப்பக்கம் விசிறப்பட்டு, புல்லியின் ஒரு தட்டை நெருக்கித் தள்ளும், பெல்ட் மேலே ஏறும், நாம் கியர் மாற்றுவதற்குப் பதிலாக அது தானாக மாறிக்கொள்ளும். இவ்வளவுதான் கியர் இல்லாத வண்டியின் ரகசியம். ரோலர் தேய்ந்தால் இந்த ஏற்றம் தடுக்கித் தடுக்கி நடக்கும். பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்தால் மேலே முழுதாக ஏறாது, பாரம் வந்தால் வழுக்கும். இன்ஜின் கத்தும், வண்டி நகராது, பெட்ரோல் மட்டும் போகும்.

போன வாரம் இதேபோல ஒரு வண்டியை என் கொட்டகையில் திறந்தேன். மூடியைக் கழற்றியதும் உள்ளே கண்மைபோல நைசான கறுப்புத் தூள், எல்லாம் பெல்ட்டும், பின் புல்லியின் பலத்தைச் சக்கரத்துக்குப் பிடித்துக் கொடுக்கும் கிளட்ச் ஷூவும் தேய்ந்து உதிர்ந்தது. ரோலர்களை எடுத்து மேசையில் உருட்டிவிட்டேன். உருளவில்லை, அரைச் சுற்று போய்க் குத்துக்கல்லாக நின்றுவிட்டன, ஏனென்றால் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் நெல்மணி அகலத்துக்குத் தட்டையாகத் தேய்ந்திருந்தது. வண்டிக்காரரையே கூப்பிட்டு உருட்டிப் பார்க்கச் சொன்னேன். அதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

46,000 கிலோமீட்டரில் உங்கள் பெல்ட் ஒரு முறையாவது மாற்றப்பட்டிருக்க வேண்டும். இந்த ரக வண்டிகளில் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்தாயிரத்துக்குள் அதன் வேலை முடிந்துவிடும். உங்கள் கையேட்டில் குறைந்தபட்ச அகலம் மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள், அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட்டை உள்பக்கமாக வளைத்தால் பற்களின் அடியில் விரிசல் தெரிகிறதா என்றும் பாருங்கள். பெல்ட், ரோலர், தேவைப்பட்டால் கிளட்ச் ஷூ, எல்லாம் சேர்த்து நல்ல பாகமாகப் போட்டாலும் மெக்கானிக் சொன்ன ஒன்பதாயிரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஒரே ஒரு எச்சரிக்கை: கையேடு சொல்லாத வண்டியில் ரோலருக்கு கிரீஸ் தடவ விடாதீர்கள். சிலர் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் அது சூட்டில் இளகி பெல்ட்டில் ஒரு துளி பட்டால் போதும், புதுப் பெல்ட்டும் வழுக்கும்.

மைலேஜ் 48-லிருந்து 35-க்கு இறங்கியதற்கு பெல்ட் மட்டும் காரணமாக இருக்காது என்றும் நினைக்கிறேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை நிறுத்திவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஸ்ஸ்ஸ் என்று உரசி ஒரே சுற்றில் நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று நட்டை இறுக்கிக்கொண்டே போவதால் வருவது இது. பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்ததும் டிரம் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சுர்ரென்றால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் காற்று. பல 110 சிசி ஸ்கூட்டர்களுக்கு முன் சக்கரம் 22 பிஎஸ்ஐ, பின் சக்கரம் ஒருவர் போனால் 29, இரண்டு பேர் போனால் 36. நீங்கள் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு 25-இல் ஓட்டினால் தினமும் மணலில் ஓட்டுவது மாதிரி. சோக் கேபிள் முழுதாகத் திரும்பி வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாதியில் சிக்கிய சோக் மைலேஜைத் தின்றுவிடும், வெளியே எதுவும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு டேங்க்கை நிரப்பி, நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுங்கள். நூறு ரூபாய்க்குப் போட்டு முள்ளைப் பார்த்துச் சொல்லும் மைலேஜ் எதற்கும் உதவாது.

பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தினமும் முருங்கைக்காய், தக்காளி ஏற்றிப் போகிறேன். முன்பு மூன்று மூட்டை ஏற்றினாலும் போகும், இப்போது ஒரு மூட்டையோடு சின்ன மேட்டில்கூடத் திணறுகிறது. வெள்ளைப் புகை அதிகம். பிஸ்டன் மாற்றிப் பார்த்தேன், ஒரு மாதம் நன்றாக இருந்தது, மறுபடி அதே கதை.
– விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்

ஐயா, 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த காலம் தொட்டு நம் ஊர் வயல்காட்டு வண்டிகளுக்கு வரும் வியாதி இது. அடைப்பு சைலன்சரில். பிஸ்டன் மாற்றும்போது மெக்கானிக் சைலன்சரைக் கழற்றித்தானே ஆக வேண்டும், கழற்றியபோது ஏதோ கொஞ்சம் தட்டிக் கொட்டியிருப்பார், அதனால்தான் அந்த ஒரு மாத நன்மை. பிஸ்டனுக்குக் கொடுத்த காசு வீண் என்று சொல்ல மனசு வரவில்லை, ஆனால் அதுதான் உண்மை.

டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிகிறது. முழுதாக எரியாத ஆயில் கரியாகி, எக்ஸாஸ்ட் போர்ட்டின் வாயிலும் சைலன்சருக்குள்ளும் படிந்துகொண்டே வரும். வாய்க்கால் கடைமடையில் தூர் அடைத்தால் மேலே எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பாயாது இல்லையா, அதேதான். எரிந்த புகை வெளியே போக வழியில்லாவிட்டால் புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர இடமில்லை.

சைலன்சரின் பின் முனையில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே இருக்கும் துளை போட்ட குழாய் தனியாக வரும். உங்களுடையது அநேகமாக வராது, கரி பிடித்து ஒட்டியிருக்கும், லேசாகத் தட்டித் தட்டித் திருகி இழுக்க வேண்டும். அந்தக் குழாயின் துளைகள் எல்லாம் தெரிகிற வரை கரியைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து மாட்டுங்கள். சைலன்சரை நெருப்பில் போட்டுச் சுடுவதை ஊரில் பார்த்திருப்பீர்கள். கரி போகும், கூடவே தகரமும் வெந்து மெலிந்து ஒரே மழைக்காலத்தில் ஓட்டை விழும், அதனால் நான் செய்வதில்லை. காஸ்டிக் சோடா ஊற்றுவதும் வேண்டாம். கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும், வீட்டில் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

அடுத்து சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாய். சைலன்சரைக் கழற்றியதும் அந்தத் துவாரத்தில் விரலை விட்டுப் பாருங்கள், உங்களுக்கே புரியும், விரல் நுழையும் வாய் பாதியாகச் சுருங்கியிருக்கும். கிக்கரை மெதுவாக நகர்த்தி பிஸ்டன் அந்த வாயை மூடும் இடத்தில் நிறுத்திவிட்டு, மூங்கில் சிம்பைச் சீவிச் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் கூடாது, பிஸ்டனில் கீறல் விழுந்தால் அடுத்த செலவு ஆரம்பம். சுரண்டியதை ஊதி வெளியே எடுத்த பிறகே மூட வேண்டும்.

இனி ஆயில் அளவு. உங்களுக்கு வெள்ளைப் புகை என்றால் கை தாராளமாகப் போகிறது. லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்), அதாவது ஐம்பதில் ஒரு பங்கு, அது போதும். பாரம் ஏற்றுகிறோமே என்று இரட்டிப்பாக ஊற்றுவது பலருக்கும் பழக்கம், அந்தக் கூடுதல் ஆயில்தான் சைலன்சரில் கரியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்காகக் குறைத்தும் ஊற்றக் கூடாது, ஏற்றத்தில் பிஸ்டன் சூடாகிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். மூடியில் ஊற்றுவது, கண்ணளவு பார்ப்பது எல்லாம் விட்டுவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக் குப்பி ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயிலை இதில் கலக்காதீர்கள். அது எரிவதற்காகச் செய்ததல்ல.

இவ்வளவுக்கும் பிறகு மூன்று மூட்டை ஏறும். ஆனாலும் இரண்டோடு நிறுத்துங்கள் ஐயா, அந்த வண்டியின் பிரேக் மூன்று மூட்டைக்காக அல்ல.

மதுரை சிம்மக்கல் சிக்னலில் தினமும் அவமானம். காலையில் ஸ்டார்ட் ஆகச் சோக் வேண்டும், அப்புறம் வண்டி சூடானதும் சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. மெக்கானிக் ஸ்லோ ஸ்பீடைக் கூட்டி வைத்தார். இப்போது அணைவதில்லை, ஆனால் பிரேக்கை விட்டால் வண்டி தானாக முன்னால் நகர்கிறது. கார்புரேட்டர் வண்டி, பத்து வயது.
– துணிக்கடை ஊழியர், மதுரை

மெக்கானிக் செய்தது நோயை மறைக்கும் வேலை, தயவுசெய்து இப்படியே ஓட்டாதீர்கள். கியர் இல்லாத வண்டியில் இன்ஜின் ஒரு வேகத்தைத் தாண்டியதும் கிளட்ச் ஷூ தானாக விரிந்து பிடிக்கும். ஸ்லோ ஸ்பீடு அந்த இடத்தை நெருங்கிவிட்டால் நீங்கள் பிரேக்கைப் பிடித்து நிற்கும் ஒவ்வொரு சிக்னலிலும் ஷூ உரசிக்கொண்டே இருக்கும், சூடாகும், சீக்கிரம் தேயும். கூட்டத்தில் முன்னால் இருப்பவர் மேல் வண்டி பாய்வதும் அதனால்தான்.

மூல காரணம் இரண்டில் ஒன்று, அல்லது இரண்டுமே. முதலாவது பைலட் ஜெட். ஆக்சிலேட்டரைத் திருகாமல் நிற்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் கொடுப்பது இதுதான். இதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெட்ரோல் காய்ந்து பசைபோலப் படிந்தால் துளை பாதி அடைந்து, நிற்கும்போது பட்டினி. கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டைத் தனியே எடுத்து, கார்ப் கிளீனர் அடித்து, காற்று விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் அவ்வளவுதான், அதன் பிறகு எப்படித் திருகினாலும் டியூனிங் நிற்காது.

இரண்டாவது டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விட வேண்டிய மயிரிழை இடம். வருடக்கணக்கில் ஓடும்போது வால்வு தன் இருக்கையில் மெல்ல உள்வாங்கி இடைவெளி குறையும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பது, சூடானதும் அணைவது, இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும். டேப்பட் சத்தம் வந்தால்தான் பார்க்க வேண்டும் என்று நினைப்பது தவறு. சத்தமே இல்லாத டேப்பட்தான் ஆபத்தானது, இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, சிலிண்டருக்குள் அமுக்கும் அழுத்தம் (கம்ப்ரெஷன்) கசியும், நாளடைவில் வால்வு கருகும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, அதாவது இரவு நிறுத்திக் காலையில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். கண்ணால் பார்த்து, கையால் ஆட்டிப் பார்த்துச் செய்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இரண்டும் முடிந்த பிறகே ஸ்க்ரூவைத் தொட வேண்டும். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே இறக்கி, முட்டும் இடத்தில் அழுத்தாமல் நிறுத்தி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு கால் கால் சுற்றாக இரு பக்கமும் திருப்பிப் பார்த்தால் ஓரிடத்தில் சத்தம் சீராகி வேகமும் கூடும், அதுதான் அதன் இடம். அப்புறம் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைக் குறைத்து, சக்கரம் சுற்றாத, அணையாத அளவில் வையுங்கள்.

இன்னொன்று. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டர் வண்டிக்குக் கலவை கொஞ்சம் வறண்டுபோகும். மிக்ஸர் ஸ்க்ரூ பழைய அளவில் நிற்காமல் கால் சுற்று கூடுதல் பெட்ரோல் கேட்டால் அதுதான் காரணம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டி என்றால் கார்புரேட்டர் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள், அடியில் தனியாக ஒரு படிவு நின்றால் அது தண்ணீர்.

எடை குறைந்த ரோலர் போட்டால் பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும் என்று வீடியோவில் பார்த்தேன். உண்மையா? 150 சிசி போர் கிட்டும் கிடைக்கிறதாம். என்னுடையது 110 சிசி.
– கல்லூரி மாணவர், கோவை

ரோலர் விஷயம் உண்மை தம்பி, ஆனால் வீடியோவில் பாதியைத்தான் சொல்லியிருப்பார்கள். எடை குறைந்த ரோலரை வெளியே விசிற இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் பெல்ட் தாமதமாக ஏறும், கிட்டத்தட்ட இரண்டாம் கியரிலேயே கொஞ்ச நேரம் கூடுதலாக ஓட்டுவது மாதிரி. சிக்னலில் கிளம்பும்போது துடிப்பு தெரியும். அதே 50 கிலோமீட்டர் வேகத்துக்கு இன்ஜின் முன்பைவிட அதிகமாகச் சுற்றுவதால் சத்தம் கூடும், மைலேஜ் குறையும். ரொம்பவும் குறைத்துவிட்டால் பெல்ட் முழுதாக ஏறவே ஏறாது, டாப் ஸ்பீடும் போகும்.

செய்துதான் பார்ப்பேன் என்றால் இப்படிச் செய்யுங்கள். முதலில் இப்போது இருக்கும் ஆறு ரோலர்களையும் கழற்றி, தெரிந்த நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். தேய்ந்ததில் எடை ஒன்றுக்கொன்று மாறியிருக்கும். அப்படியானால் கம்பெனி எடையிலேயே புது செட் போடுங்கள், பத்தில் எட்டுப் பேருக்கு அதோடு ஆசை தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் அவர்கள் தேடிய பிக்கப் புது வண்டியின் பிக்கப்தான். அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஒன்றுக்கு ஒரு கிராம் குறைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். மூன்று கிராம் நான்கு கிராம் என்று தாவாதீர்கள். இரண்டு எடை கலந்து போட்டால் ஒன்றுவிட்டு ஒன்றாக, மூன்றுக்கு மூன்று, எதிரெதிர் சமமாக வர வேண்டும், இல்லாவிட்டால் புல்லி அதிரும்.

போர் கிட், அதாவது இன்ஜின் அளவைக் கூட்டும் பெரிய சிலிண்டர்-பிஸ்டன் செட், வேண்டாம். பதிவுச் சான்றில் 110 சிசி என்று இருக்கும் வண்டியின் இன்ஜின் அளவை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது, விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான். சட்டத்தை விடுங்கள், அந்தக் கிராங்க், அந்தப் பெல்ட், அந்த டிரம் பிரேக் எதுவும் கூடுதல் வேகத்துக்காகச் செய்ததல்ல. அப்படிப் போர் பெரிதாக்கிய வண்டி ஒன்று அவிநாசி சாலையில் பெல்ட் அறுந்து பின் சக்கரத்தோடு சிக்கி, ஓட்டிய பையனைத் தூக்கி வந்தார்கள். கை எலும்பு முறிவோடு தப்பினான். அந்த வண்டியைக் கழற்றியது நான்தான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கார்புரேட்டர் ஸ்கூட்டர். அங்கே பறந்த வண்டி குன்னூர் வந்ததும் மூச்சு முட்டுகிறது. பிளக் கறுப்பாகிறது. ஏமாந்துவிட்டேனா?
– தேயிலைத் தொழிற்சாலைப் பணியாளர், குன்னூர்

ஏமாறவில்லை. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே ஐந்தில் ஒரு பங்கு. காற்று குறைந்தால் பலமும் அதே அளவுக்குக் குறையும், அதை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் உங்கள் கார்புரேட்டர் சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கிறது, பிளக் கறுப்பது அதனால்தான், அதைச் சரிசெய்யலாம். ஆக்சிலேட்டரைத் திருகும்போது பெட்ரோல் கொடுக்கும் மெயின் ஜெட்டை ஓர் அளவு சிறியதாக மாற்றி, மிக்ஸர் ஸ்க்ரூவையும் அங்கேயே, குன்னூரிலேயே வைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிளக்கின் மூக்கு டீத்தூள் நிறத்துக்கு வந்தால் சரி. வெளுத்துப்போனால் ஜெட் மிகச் சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். இதே வண்டியோடு சமவெளிக்கு இறங்கி நாள்கணக்கில் ஓட்டுவதாக இருந்தால் பழைய ஜெட்டை மறுபடி போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இன்ஜின் சூடாகும்.

ஏர் ஃபில்டரையும் பாருங்கள். எண்ணெய் ஊறிய காகித ஃபில்டர் என்றால் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, புதிதுதான் போட வேண்டும். காற்றடித்தால் எண்ணெய் போய், தூசியைப் பிடிக்கும் குணமே போய்விடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் கழுவிக் காயவைத்து மாட்டலாம். கோவைத் தம்பியை யோசித்துப் போடச் சொன்ன எடை குறைந்த ரோலர் உங்களுக்கு நல்லது. தினமும் ஏற்றத்தில் ஓடும் வண்டிக்கு ஒன்றுக்கு ஒரு கிராம் குறைத்துப் போட்டால் இன்ஜின் தவிக்காமல் ஏறும், மைலேஜில் கொஞ்சம் போகட்டும்.

இறக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். ஸ்கூட்டர் வேகம் மிகவும் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும், அப்போது இன்ஜின் பிடிப்பு துளியும் இல்லை, எல்லா பாரமும் பிரேக்கில்தான். கிளட்ச் பிடிக்கும் அளவுக்கு லேசாக ஒரு திருகு கொடுத்துவிட்டு ஆக்சிலேட்டரை மூடினால் இன்ஜின் கொஞ்சம் பிடித்து இழுக்கும். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்காமல், விட்டு விட்டுப் பிடியுங்கள், இரண்டு பிரேக்கையும் சேர்த்து. டிரம் சூடானால் லீவர் கைப்பிடி வரை வந்தும் வண்டி நிற்காது. பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதைக் குன்னூர்ச் சாலையில் நானே பார்த்திருக்கிறேன். அதை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள்.

பவர் பெட்ரோல், பிரீமியம் பெட்ரோல் போட்டால் சின்ன ஸ்கூட்டருக்குப் பலம் கூடுமா?
– வாசகர், சேலம்

கூடாது. ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் பலம் அல்ல, இன்ஜினுக்குள் அழுத்தத்தில் தானாகத் தீப்பிடிக்காமல் தாங்கும் தன்மை. உங்கள் வண்டியின் கம்ப்ரெஷனுக்குச் சாதாரண பெட்ரோலே போதும். அந்தக் கூடுதல் காசுக்கு கியர் ஆயில் மாற்றுங்கள். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள கியர் பெட்டியில் தனியாகச் சுமார் 120 மில்லி ஆயில் இருப்பதே பலருக்குத் தெரியாது.

மழைநீர் ஃபுட்போர்டுக்கு மேல் வந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க நின்றது. இன்னும் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை, செய்யலாமா?
– குடும்பத் தலைவி, பள்ளிக்கரணை

செய்யாமல் இருந்தீர்களே, அதற்கே பாராட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் முடிந்த வாரத்தில் என்னிடம் வந்த வண்டிகளில், தண்ணீரால் கெட்டவற்றைவிட, தண்ணீரோடு செல்ஃப் போட்டுக் கெட்டவைதான் அதிகம். தண்ணீரை அமுக்க முடியாது, சிலிண்டருக்குள் இருக்கும்போது இன்ஜினைச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்து உள்ளே உள்ள தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலைத் திறந்தால் பால் கலந்த டீபோல வரும். வந்தால் ஒரு முறை மாற்றினால் போதாது, விலை குறைந்த ஆயிலை ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு வடித்து, நிறம் தெளிகிற வரை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். கியர் ஆயிலும் அதேபோல. ஏர் ஃபில்டர் புதிது. டேங்க், கார்புரேட்டர் இரண்டையும் வடித்துவிட வேண்டும். இடது பக்க மூடியைத் திறந்து பெல்ட், புல்லி, கிளட்ச்சைத் துடைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் வழுக்கும், நாள்பட்டால் கிளட்ச் பெல் துருவேறி வண்டி கிளம்பும்போதெல்லாம் குலுக்கும். லேசான துரு என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலே போய்விடும். பிரேக் டிரம்மும் திறந்து பார்க்க வேண்டும்.

பிஎஸ்-6 வண்டி (புது மாசு விதிப்படி வந்த, மின்னணு பாகங்கள் நிறைந்த வண்டி) என்றால் ஒயரிங் இணைப்புகள் ஒவ்வொன்றையும் பிரித்துக் காயவைப்பது முக்கியம். காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேர்ந்திருந்தால் வண்டியைத் தொடுவதற்கு முன் அவர்களுக்குத் தகவல் சொல்லிப் படம் எடுத்து வையுங்கள்.

வண்டி மிஸ் ஆகிறது. என்ன செய்வது?
– வாசகர், நாகர்கோவில்

இவ்வளவுதான் எழுதியிருக்கிறீர்கள், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எந்த வண்டி, எத்தனை வயது, கார்புரேட்டரா இன்ஜெக்ஷனா, நின்றுகொண்டிருக்கும்போது மிஸ் ஆகிறதா, ஏற்றத்திலா, மழையில் மட்டுமா? பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஆறியதும் பிளக்கைக் கழற்றி, அதன் மூக்கு தெளிவாகத் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். துடைத்துவிட்டு எடுக்காதீர்கள், அந்த அழுக்குதான் எனக்கு வேண்டும்.